மூன்றாவது கொக்கியில் தொங்கிய தொப்பி

1909 பிப்ரவரி 24, புதன்கிழமை, ஃபேர்லி நகரில் கூடிய மாநிலக் கீழவை, ஒவ்வொரு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் வெளியேற இரண்டாவது வழி வேண்டும் என்ற மசோதாவை 52க்கு 48 என்ற கணக்கில் தோற்கடித்தது.

மறுநாள் காலை, அந்த மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினர் ஆம்ப்ரோஸ் லைல், துப்பறிவாளர் ஜோனஸ் வெல்பியின் அலுவலகத்தில், காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிவிடக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்.

சட்டமன்றம் கூடும் பருவத்தில் வெல்பிக்கு வரும் வழக்குகளில் பாதி, காணாமல் போன உறுப்பினர்களைப் பற்றியவை. வாக்கெடுப்புக்கு முன்னால் காணாமல் போவார்கள். முடிந்ததும் தலைவலி என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருவார்கள். இந்தத் தடவை காணாமல் போனவர் வாக்களித்துவிட்டுப் போயிருந்தார். அதுதான் புதுசு.

"கிரிஃப் மேடாக்," என்றார் லைல். "கெல்லம் மாவட்டம். ஒன்பது வயசுலேர்ந்து சுரங்கத்துல கரி வெட்டினவன். இந்த மசோதாவுக்காகவே ஜெயிச்சு வந்தவன். அவனே 'இல்லை'ன்னு ஓட்டுப் போட்டான்."

"நீங்களும் 'இல்லை'ன்னுதானே போட்டீங்க? பேப்பர்ல பார்த்தேன்," என்றாள் மேபல் கியோ.

மேபல் வெல்பியின் உதவியாளர். இந்தக் கூட்டத்தொடரின் முதல் மூன்று வாரம் வரை சட்டமன்றத்தில் கோட்டும் தொப்பியும் மாட்டும் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உறுப்பினர்களின் தொப்பிகளைவிட அவர்களுடைய கைகளைச் சமாளிப்பதுதான் பெரிய வேலையாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள்.

லைல் அவளைப் பார்க்காமல் வெல்பிக்குப் பதில் சொன்னார். அவர் போட்டது சபையில் எல்லாரும் அறிந்த உத்தி. தோற்ற மசோதாவை அடுத்த அமர்வில் மறுபடியும் எடுக்கச் சொல்லும் உரிமை, வென்ற பக்கம் வாக்களித்தவருக்குத்தான் உண்டு. நேற்று தம் தரப்பு உறுப்பினர் ஒருவர் பனியில் சிக்கிய ரயிலில் மாட்டிக்கொண்டார். ஐம்பதுக்கு ஐம்பது என்று சமமாக நின்றது. சமம் என்றால் தோல்வி. ஆகவே முடிவை அறிவிப்பதற்கு முன்னால் லைல் எழுந்து தன் 'ஆம்' என்பதை 'இல்லை' என்று மாற்றினார். இன்று மறுவாக்கெடுப்பு கேட்கலாம் என்ற கணக்கு. அவர் உட்கார்ந்த அடுத்த நொடி மேடாக்கும் எழுந்து தன் வாக்கை மாற்றிவிட்டார்.

"ஒருத்தர் மாத்தினா போதும்," என்றார் லைல். "ரெண்டாவது ஆள் மாத்த வேண்டிய அவசியமே இல்லை. கரிக் கம்பெனிக்காரங்க அவனை வாங்கிட்டாங்க. எனக்கு ரத்தம் கொதிச்சுது. எழுந்து எல்லார் முன்னாலயும் 'எவ்வளவுக்கு வித்தே?'ன்னு கேட்டேன். விசாரணை முடியற வரைக்கும் அவன் ஓட்டுப் போடக் கூடாதுன்னு ஒரு தீர்மானமும் கொடுத்துட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. என்னை ஒரு மாதிரி பார்த்தான். அவை கலைஞ்ச கூட்டத்துல போனவன்தான். சபைக் காவலர் ஆளை விட்டுத் தேடறார். இன்னும் கிடைக்கலை."

ரயிலில் மாட்டியவர் வந்து சேர்ந்துவிட்டார். மேடாக்கும் வந்து 'ஆம்' என்றால் மசோதா ஒரு வாக்கில் பிழைக்கும். வராவிட்டால் மறுபடியும் சமம், மறுபடியும் தோல்வி. விதிப்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

"அவர் ஓட்டுப் போடக் கூடாதுன்னு நீங்களே தீர்மானம் கொடுத்திருக்கீங்களே," என்றார் வெல்பி.

"அதை நான் திரும்ப வாங்கிக்கிறேன். நீங்க ஆளைக் கொண்டாங்க. யாரு வாங்கினாங்கன்னும் கண்டுபிடிங்க. அந்தப் பேர் கையில இருந்தா அவனை வழிக்குக் கொண்டுவரலாம்."

"உங்களுக்கும் அவருக்கும் முன்விரோதம் ஏதாவது?"

லைல் கசப்போடு சிரித்தார். "இல்லேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். வரிசையில என் பேருக்கு அடுத்தது அவன் பேர். பக்கத்து நாற்காலி. போன மாசம் என் பிறந்தநாளுக்கு எனக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுக்கணும்னு தீர்மானம் வந்தது. வழக்கப்படி, அடக்கத்துக்காக நான் மட்டும் 'இல்லை'ன்னு சொன்னேன். அடுத்து அவனைக் கூப்பிட்டாங்க. அவனும் 'இல்லை'ன்னான். சபையே விழுந்து விழுந்து சிரிச்சுது. நானும் சிரிச்சேன். மனசுல என்ன வெச்சிருந்தான்னு அப்பவே யோசிச்சிருக்கணும்."

அவர் போனதும் மேபல் தரையில் உருகிக் கிடந்த பனியைப் பார்த்தாள்.

"கோப்பை கிடைச்சும் ஒரு ஓட்டை மறக்காத மனுஷன். இவரோட பக்கத்து நாற்காலியில உட்கார்ந்தா நானும் ஓடியே போயிருப்பேன் சார்."

*

மேடாக் தங்கியிருந்தது ஆற்றோரத் தெருவில், திருமதி ஹாஸ் நடத்தும் விடுதியில். வாசல்வரை முட்டைக்கோஸ் வேகும் மணம் வந்தது. திருமதி ஹாஸ் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர். தன் விடுதியில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் இருக்கிறார் என்பதில் அவருக்கு இருந்த பெருமை, காலைச் செய்தித்தாளைப் பார்த்த பிறகும் முழுசாகக் குறைந்திருக்கவில்லை.

மேடாக் நேற்று இரவு வரவில்லை. படுக்கை கலையவில்லை. தோல்பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. சவரக்கத்தியும் இருந்தது. மேசைமேல் ஒரு மூக்குக்கண்ணாடி.

"ஓடிப் போறவன் சவரக்கத்தியை விட்டுட்டா போவான்?" என்றார் வெல்பி.

"தாடி வளர்த்து மாறுவேஷம் போடுவாரோ என்னமோ," என்று சொல்லிக்கொண்டே மேபல் அந்தக் கண்ணாடியை மூக்கில் மாட்டி அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு கழற்றிப் பார்த்தாள். மறுபடியும் மாட்டினாள்.

"என்ன?"

"எங்க அப்பா கண்ணாடியைப் போட்டா எனக்குத் தலை சுத்தும். இதைப் போட்டா ஒண்ணுமே ஆகலை. இது சன்னல் கண்ணாடி சார். வெட்டி ஃப்ரேம்ல வெச்சிருக்காங்க."

வெல்பி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மேபல் சொன்னது சரி. அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

திருமதி ஹாஸ் வாசலில் நின்றபடி மேடாக்கின் குணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். குடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பாடுவார், நல்ல குரல். சாப்பாட்டைக் குறை சொன்னதில்லை. தினமும் காலையில் காசு கொடுத்துப் பேப்பர் வாங்கி, காப்பி ஆறும் வரை படிப்பார். முக்கியமாக, திருமதி ஹாஸின் தாய்மொழி தெரிந்தவர்.

"ஜெர்மன் தெரியுமா அவருக்கு?" என்றார் வெல்பி.

"தெரியாமலா? ஒருநாள் பேப்பர்காரன் மாத்தி எங்க ஜெர்மன் பேப்பரைக் கொடுத்துட்டான். இவர் அதை அரைமணி நேரம் படிச்சாரு. பக்கம் பக்கமா. நான் எதிர்ல நின்னு பார்த்துட்டே இருந்தேன். அன்னியிலேருந்து நான் அவர்கிட்ட எங்க பாஷையிலதான் பேசறேன். நல்ல மனுஷன், எல்லாத்துக்கும் தலையாட்டுவாரு."

மேபல் வாயைத் திறந்தாள். வெல்பி அவள் காலை மெதுவாக மிதித்தார்.

தெருவுக்கு வந்ததும் அவள் சொன்னாள். "வேல்ஸ்லேர்ந்து வந்த கரிவெட்டி. மிஞ்சிப்போனா வெல்ஷ் பேசுவாரு, இங்கிலீஷ் பேசுவாரு. ஜெர்மன் எங்கேருந்து வந்துது?"

"வரலை," என்றார் வெல்பி. அவர் மனத்தில் ஏதோ ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. அது பிடித்தமானதாக இல்லை. கம்பெனிக்காரன், பணம், ஹோட்டல் அறை என்று வரும் வழக்குகளில் யாருக்காகவும் வருத்தப்பட வேண்டியிருக்காது.

*

சட்டமன்றத்துத் தொப்பி அறை வாசலில் நின்ற காவலாள் மேபலைப் பார்த்ததும் நிமிர்ந்தான். சபைக் காவலரின் ஆட்கள் காலையிலேயே பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், மேடாக் பெயர் எழுதிய கொக்கி காலி, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றான்.

சுவரோரம் வரிசையாகப் பித்தளைக் கொக்கிகள். ஒவ்வொன்றின்மேலும் அகர வரிசைப்படி ஒரு பெயர் அட்டை. அவை இன்னும் கூடவில்லை, பெரும்பாலான கொக்கிகள் வெறுமையாக இருந்தன. லைல் பெயருக்கு அடுத்தது மேடாக். காலிதான். அதற்கு அடுத்தது மேசன் என்ற உறுப்பினருடையது. அதில் ஒரு கறுப்பு வட்டத் தொப்பியும் முரட்டுக் கம்பளி கோட்டும் தொங்கின.

"மேசன் வந்துட்டாரா?" என்றாள் மேபல்.

"இன்னும் வரலை. நேத்து விட்டுட்டுப் போயிருப்பாரு."

"மேசனா? பனியில தொப்பி இல்லாமயா? அவருக்குத் தலையில ஒரு முடிகூட இல்லையே. தொப்பி இல்லாம வாசப்படி தாண்டினா மண்டை உறைஞ்சிரும்." அவள் சன்னலிலிருந்து எண்ணிப் பார்த்தாள். மூன்றாவது கொக்கி. சட்டென்று திரும்பினாள். "சார், கார்விஸ் செத்தது ஞாபகம் இருக்கா?"

ஜனவரியில் கார்விஸ் என்ற முதிய உறுப்பினர் இறந்துபோனார். அவருடைய அட்டையை எடுத்துவிட்டு, அவருக்குப் பின்னால் இருந்த எல்லா அட்டைகளையும் ஒரு கொக்கி முன்னால் நகர்த்தி ஒட்டினார்கள். மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் நகர்ந்தார்கள். மேடாக் மட்டும் நகரவில்லை. பழையபடி சன்னலிலிருந்து மூன்றாவது கொக்கியிலேயே மாட்டிக்கொண்டிருந்தார். மேசன் தன் இடத்தில் இன்னொருவன் தொப்பி என்று தினமும் சண்டை போட்டார். மேபல் இருந்தவரை அவளே எடுத்து மாற்றி வைத்துவிடுவாள். அவள் போன பிறகு மேசன் அலுத்துப்போய், மேடாக் பெயர் போட்ட கொக்கியையே எடுத்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. நேற்று மாலை அவர் தன் தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மேடாக்கின் கொக்கி காலியானது அப்படித்தான்.

மேபல் தொப்பியை எடுத்துக் கவிழ்த்தாள். உள்பட்டியில் பெயரோ முதலெழுத்தோ இல்லை. அந்த அறையில் தொங்கும் எல்லாத் தொப்பிகளிலும் ஏதாவது எழுதியிருக்கும். இதில் ஒரு சிவப்புக் கம்பளித் துண்டு வைத்துத் தைக்கப்பட்டிருந்தது.

"அடையாளத்துக்கு," என்றாள். அவள் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

வெல்பி அந்தச் சிவப்புத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்தவரைப் பார்த்துச் சொன்ன வெள்ளிக் கோப்பை வாக்கு. சன்னல் கண்ணாடி மாட்டிய கண்கள். அரைமணி நேரம் படித்த ஜெர்மன் பேப்பர். நகர்ந்த அட்டையைப் பார்த்தும் நகராத தொப்பி.

"அவர் இந்தக் கட்டடத்தை விட்டே போகலை," என்றார்.

"ஊர் பூரா தேடிட்டாங்க. அவங்க உட்கார்ற நாற்காலிக்குக் கீழே மட்டும் பார்க்கலை," என்றாள் மேபல். "மேலே குவிமாடத்துல புறாதான் இருக்கும். கரி வெட்டின மனுஷன் மேலே போக மாட்டாரு சார்."

*

அவையின் பளிங்குத் தரைக்கு இரண்டு தளம் கீழே கொதிகலன் அறை. அங்கே கரி போடும் மூன்று பேரும் கெல்லம் மாவட்டத்துக்காரர்கள். மாடியில் இருக்கும் உறுப்பினர்களில் ஒருவர்கூட அந்தப் படியில் இறங்கியதில்லை. வெல்பியும் மேபலும் உள்ளே வந்தபோது நான்கு பேர் கரி அள்ளிக்கொண்டிருந்தார்கள். நான்காவது ஆள் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையின் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார்.

"மேடாக் ஐயா," என்றார் வெல்பி.

அவர் மண்வெட்டியை நிறுத்தி, நெற்றியைத் துடைத்தார். மறுக்கவில்லை.

இங்கேதான் வெல்பி ஒரு தப்பைச் செய்தார். கண்டுபிடித்ததை நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற தொழில் பழக்கம். கீழே வரும்போது சிற்றுண்டிச் சாலை மேசையிலிருந்து எடுத்த ஒரு தாளை மடித்துக் கையில் வைத்திருந்தார். அதை நீட்டினார்.

"சபையிலேருந்து உங்களுக்கு உத்தரவு. என்ன போட்டிருக்குன்னு படிச்சிப் பாருங்க."

மேடாக் தாளை வாங்கிக்கொண்டார். "கண்ணாடியை ரூம்லயே விட்டுட்டேன்."

"இதோ இருக்கு." வெல்பி சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

மேடாக் கண்ணாடியை மாட்டினார். கரி படிந்த விரல் தாளின்மேல் இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்தது. மற்ற மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"மேலே வந்து ஆஜராகணும்னு போட்டிருக்கு," என்றார். "உடனே."

அந்தத் தாளில் இருந்தது அன்றைய சாப்பாட்டு வகைகள். சிப்பி சூப், பன்றிக்கறி வறுவல், ஆப்பிள் பை.

கரி போடுபவர்களில் ஒருவன் அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்தத் திரும்பலில் மேடாக்குக்குப் புரிந்துவிட்டது. தாளை நான்காக மடித்து வெல்பியிடம் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

மேபல் வெல்பியின் பக்கத்திலிருந்து நகர்ந்து, கரிக்குவியல் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். வெல்பி தன் காதுகள் சூடாவதை உணர்ந்தார். உலையின் சூடு என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

"இவங்களுக்குக்கூடத் தெரியாது," என்றார் மேடாக், அந்த மூவரையும் பார்க்காமல். "என் வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும்."

பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மற்றதைச் சொன்னார். கெல்லத்தில் ஒரு தடவை சுரங்கம் இடிந்தபோது இருந்த ஒரே வழியும் அடைத்துக்கொண்டது. கைவிட்டுப்போன பழைய காற்றுப்பாதை ஒன்று அவருக்குத் தெரியும். இருட்டில் தடவித் தடவிக் கொஞ்சம் பேரைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். கத்தினால் கேட்கிற தூரத்தில் இருந்த மற்றவர்களை வரவழைக்க முடியவில்லை; அவர்கள் உள்ளேயே இறந்துபோனார்கள். அந்தக் கொஞ்சம் பேரைக் காப்பாற்றியதற்காகத்தான் மாவட்டம் அவரைத் தேர்ந்தெடுத்தது. எதிர்த்து நின்றவர் பள்ளி ஆசிரியர். முதல்நாள் சபையில் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்கள். விதியெல்லாம் இதில் இருக்கிறது, படித்துக்கொள் என்றார் லைல்.

"லைல் படிச்சவரு. நல்லவரு. மசோதா அவரோடது. அவர் சொல்றதையே நானும் சொன்னா தப்பு வராதுன்னு நெனச்சேன். நேத்து அவர் மாத்தினாரு. ஏதோ காரணம் இருக்கும்னு நானும் மாத்தினேன். அப்புறம் அவர் எங்கிட்டத் திரும்பி, எவ்வளவுக்கு வித்தேன்னு கேட்டாரு." அவர் மண்வெட்டியின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "ராத்திரி இவங்க சாயங்காலப் பேப்பரைச் சத்தமாப் படிச்சப்பதான் அந்த விதியே எனக்குத் தெரிஞ்சுது."

"இதை அவர்கிட்ட சொல்லிருக்கலாமே," என்றார் வெல்பி.

"வெலை போனவன்னா ஒரு வருஷம் காறித் துப்புவாங்க ஐயா. எழுத்துத் தெரியாம சட்டம் பண்ண வந்தான்னா சாகிற வரைக்கும் சிரிப்பாங்க. என்னை மட்டுமில்ல, என்னை அனுப்பிச்ச ஊரையே."

மேலே அவை கூடும் மணி அடித்தது. குழாய்கள் வழியாக அது கீழே வரை கேட்டது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றார் வெல்பி. "லைல் தீர்மானத்தைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்காரு. நீங்க வந்து 'ஆம்'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

மேடாக் அந்த மூவரையும் பார்த்தார். அவர்களில் மூத்தவன் சுவரில் மாட்டியிருந்த அவருடைய மேல்சட்டையை எடுத்து, தூசியைத் தட்டி நீட்டினான்.

*

அவையில் மேடாக் நுழைந்ததும் பேச்சு அடங்கியது. லைல் தலையைத் திருப்பவில்லை. மேல்மாடத்தில் வெல்பியும், மடியில் அந்தத் தொப்பியோடு மேபலும் உட்கார்ந்தார்கள். இருவருக்கும் நடுவில் அவள் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டிருந்தாள்.

லைல் எழுந்து தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற அனுமதி கேட்டார்.

கார்னீலியஸ் ஸ்ட்ரவுட் எழுந்தார். கரிக் கம்பெனிகளுக்காகச் சபையில் பேசுபவர். காலடியில் இருந்த பித்தளைப் படிக்கத்தில் நிதானமாகத் துப்பிவிட்டுப் பேசினார்.

"சபாநாயகர் ஐயா, ஒரு தீர்மானத்தைச் சபையில வெச்ச பிறகு அது சபையோட சொத்து. திரும்ப வாங்கணும்னா எல்லாரும் சம்மதிக்கணும். நான் சம்மதிக்கலை. லஞ்சம் வாங்கினார்னு சொன்னது நாங்க இல்ல. மாண்புமிகு லைல்தான். அதை விசாரிக்காம விட்டா சபைக்குத்தான் அசிங்கம்."

விதி அதுதான். சபாநாயகர் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். தீர்மானம் வாக்குக்கு விடப்பட்டால், மேடாக்கை விலைபோனவர் என்று நம்பும் லைலின் ஆட்கள் பலர் 'ஆம்' என்பார்கள். ஸ்ட்ரவுட்டின் ஆட்கள் எல்லாருமே 'ஆம்' என்பார்கள். மேடாக் வாக்களிக்க முடியாது. மசோதா சாகும். லைல் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் கோபத்தில் செய்த கத்தி இப்போது யார் கையில் இருக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

வெல்பி எழுந்து ஏதாவது கத்தலாமா என்று நினைத்தார். மேல்மாடத்தில் இருப்பவர்களுக்குப் பேசும் உரிமை இல்லை. அதோடு, அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"குற்றம் சாட்டப்பட்ட உறுப்பினர் ஏதாவது சொல்ல விரும்புறாரா?" என்று கேட்டார் சபாநாயகர்.

மேடாக் எழுந்தார். நகக்கண்களில் கரி இருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கலை," என்றார். "எனக்குப் படிக்கத் தெரியாது."

எங்கோ ஒருவர் சிரித்தார்.

"லைல் மாத்தினாரு, நானும் மாத்தினேன். எதுக்கு மாத்தினாருன்னு எனக்குத் தெரியலை. அந்த விதி புஸ்தகத்துல இருக்காம். புஸ்தகம் எங்கிட்ட இருக்கு."

ஸ்ட்ரவுட் விடவில்லை. "அப்படின்னா ஜனவரியிலேருந்து எப்படி ஓட்டுப் போட்டீங்க?"

"லைல் என்ன சொன்னாரோ அதை."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும். அந்தக் கோப்பைக்கும்."

இப்போது பலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது, ஏனென்றால் மேடாக் உட்காரவில்லை. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார். நூறு பேரும் ஒரே சமயத்தில் மேசைமேல் இருந்த தாள்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். தினமும் தங்கள்முன் குவிந்த மசோதாக்களில் எத்தனையைத் தாங்கள் பிரித்துப் படித்தோம் என்று சிலராவது எண்ணியிருக்க வேண்டும். லைல் உட்கார்ந்துவிட்டார். அவருடைய கழுத்து காலர்வரை சிவந்திருந்தது.

தீர்மானத்தைச் சபாநாயகர் வாக்குக்கு விட்டார். 'ஆம்' என்று ஒரு குரலும் எழவில்லை. ஸ்ட்ரவுட் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மசோதா மறுபடியும் வாக்குக்கு வந்தது. எழுத்தர் அகர வரிசையில் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினார். மேபல் தொப்பியின் விளிம்பை விரல்களால் அழுத்திக்கொண்டிருந்தாள். வாக்குகள் முன்னும் பின்னுமாக வந்தன.

"லைல்."

லைல் எழவில்லை.

"மாண்புமிகு லைல்?"

லைல் எழுந்தார். பக்கத்து நாற்காலியைப் பார்க்க அவரால் முடியவில்லை. "என்னைத் தாண்டிப் போங்க," என்றார். "நான் கடைசியில சொல்றேன்."

அப்படிக் கேட்கும் உரிமை எல்லா உறுப்பினர்களுக்கும் உண்டு. தன் சொந்த மசோதாவில் அதை யாரும் கேட்டதில்லை.

"மேடாக்."

மேடாக் பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பினார். லைல் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அந்த முகத்தில் படிக்க ஒன்றும் இல்லை. மேடாக் நேராகத் திரும்பினார்.

"ஆம்," என்றார்.

"சத்தம் கேட்கலை," என்றார் எழுத்தர்.

"ஆம்."

வரிசை முடிந்ததும் லைல் எழுந்து தன் வாக்கைச் சொன்னார். முடிவை அறிவித்தபோது யாரும் கை தட்டவில்லை.

வெல்பி தன் சட்டைப்பையில் நான்காக மடிந்திருந்த தாளைத் தொட்டுப் பார்த்தார். வெளியே போகும்போது அதை வாசலோரத்து எச்சில் படிக்கத்தில் போட்டார். மேபல் அவருக்காகக் காத்திருக்கவில்லை. தொப்பி அறைக்குப் போய், மேடாக்கின் தொப்பியைச் சன்னலிலிருந்து மூன்றாவது கொக்கியில் மாட்டிவிட்டு, அங்கிருந்த அட்டைகள் எல்லாவற்றையும் கழற்றி ஒரு கொக்கி பின்னால் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"கார்விஸ் இடம் காலியாவே இருக்கட்டும்," என்றாள் காவலாளிடம். "அவரு ஒண்ணும் கேட்க மாட்டாரு."

வெல்பி வாசலில் நின்றார். அவள் திரும்பிப் பார்க்காமலே ஒரு கட்டு அட்டையை அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கி, அடுத்த கொக்கியிலிருந்து ஒட்டத் தொடங்கினார்.

சுரங்க மசோதா 51க்கு 50 என்ற கணக்கில் கீழவையில் நிறைவேறி, ஏப்ரலில் சட்டமானது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் கெல்லம் மாவட்டம் அந்தப் பள்ளி ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தது.